மைனஸ் 30: ஓர் இளம் பின்கள வீரரை எடைபோடுவது எப்படி?

2011 ஏப்ரலில் கனடாவின் ஐஸ் ஹாக்கி அணியான ஒட்டாவா செனட்டர்ஸ் அந்த ஆண்டுக் கணக்கை மூடியபோது, எரிக் கார்ல்சன் என்ற இருபது வயது ஸ்வீடன் இளைஞரின் பெயருக்கு நேரே இரண்டு எண்கள் நின்றன. ஒன்று 45. இன்னொன்று மைனஸ் 30.

முதல் எண் புள்ளிகள். 75 ஆட்டங்களில் 13 கோல், 32 அசிஸ்ட் (பிறர் கோல் போட வழி செய்த தொடுகை); இரண்டுக்கும் தலா ஒரு புள்ளி. பின்களத்தில் ஆடுகிற இருபது வயதுக்காரருக்கு இது நல்ல அறுவடை. இரண்டாவது எண்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. அவர் பனித்தளத்தில் நின்ற நேரத்தில் அணி போட்ட கோல்களைவிட வாங்கிய கோல்கள் முப்பது அதிகம். வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீகான என்.எச்.எல். அளவில் அது அவமானப்படத்தக்க எண்.

பதினான்கு மாதம் கழித்து, 2012 ஜூனில், அதே கார்ல்சன் லீகின் தலைசிறந்த பின்கள வீரருக்கான நாரிஸ் கோப்பையைக் கையில் வாங்கினார். அதே வாரத்தில் ஒட்டாவா அவரோடு ஏழு ஆண்டுகளுக்கு 4.55 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது.

ஜெயித்த பிறகு ஜெயித்தவரைப் பாராட்ட யாராலும் முடியும். என் கேள்வி அதற்கு முந்தியது. 2011 ஏப்ரலில் அந்த இரண்டு எண்களையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர், எதைப் பார்த்து முடிவெடுத்திருக்க வேண்டும்? ஒன்றை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று என்னைக் கேட்டிருந்தால், அந்த வயதுக்காரர்களில் பெரிய ஆளாக வரப்போகிறவர் பஃபலோ அணியின் டைலர் மையர்ஸ் என்றுதான் அடித்துச் சொல்லியிருப்பேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை

ஐஸ் ஹாக்கியில் கோல் காப்பாளரைத் தவிர ஐந்து பேர் களத்தில் இருப்பார்கள். மூவர் முன்களம், இருவர் பின்களம். பின்கள வீரரின் அடிப்படை வேலை தடுப்பது. ஆனால் பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) நம் கோல் வலைக்கு அருகிலிருந்து எதிரணிப் பக்கம் போக வேண்டுமென்றால், பெரும்பாலும் முதலில் தொடுகிறவர் பின்கள வீரர்தான். அந்த முதல் தொடுகையிலேயே தாக்குதலைத் தொடங்கத் தெரிந்தவர் அபூர்வம். பாபி ஓர் (Bobby Orr) என்ற வீரர் 1970-71 சீசனில் பின்களத்திலிருந்து 139 புள்ளிகள் எடுத்துக் காட்டிய பிறகு, ஒவ்வோர் அணியும் தனக்கும் ஒருவர் கிடைக்கமாட்டாரா என்று தேடிக்கொண்டிருக்கிறது. அப்படித் தேடியவர்கள் ஏமாந்த கதைகளும் ஏராளம்.

2008: ஒரே கூடையில் பன்னிரண்டு பேர்

இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2008-இல் ஒட்டாவாவிலேயே நடந்தது. அந்த ஆண்டின் முதல் சுற்றை ஆய்வுக்கூடம் என்றே சொல்லலாம். முப்பது தேர்வுகளில் பன்னிரண்டு பேர் பின்கள வீரர்கள். இரண்டாம் இடத்தில் ட்ரூ டௌட்டி, மூன்றில் சாக் பொகோசியன், நான்கில் அலெக்ஸ் பியட்ராஞ்சலோ, ஐந்தில் லூக் ஷென். பன்னிரண்டாவதாக மையர்ஸ். பதின்மூன்றாவதாகப் போன கோல்டன் டூபர்ட் என்.எச்.எல்.-இல் மொத்தம் 24 ஆட்டங்களே ஆடினார். இருபதில் மைக்கேல் டெல் சோட்டோ. இருபத்து மூன்றில் போன டைலர் கூமாவுக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆட்டம்.

ஒட்டாவாவின் முறை பதினெட்டாவதாக வந்திருக்க வேண்டும். அதுவரை கார்ல்சன் மீந்திருப்பார் என்று அவர்கள் நம்பவில்லை. தங்கள் பதினெட்டாம் இடத்தோடு அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வையும் நாஷ்வில் அணிக்குக் கொடுத்து, பதினைந்தாம் இடத்தை வாங்கினார்கள். அணியின் தலைவரும் ஸ்வீடன்காரருமான டேனியல் ஆல்ஃபிரட்சன் மேடையேறிக் கார்ல்சனின் பெயரைச் சொன்னார். மூன்று இடம் முன்னே போகக் கூலி கொடுத்தார்கள் என்ற இந்தச் சின்னச் செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு வீரரைப் பற்றி அணி பேட்டியில் சொல்வதைவிட, அவருக்காக எதை விட்டுக்கொடுத்தது என்பதைப் பார்ப்பது நல்லது.

ஏன் பதினைந்து வரை இறங்கினார்? மெலிந்த உடம்பு. ஆறடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். அந்தக் காலத்துத் தேர்வாளர்களின் கண்ணுக்குப் பின்கள வீரர் என்றால் மதில் போல இருக்க வேண்டும். மையர்ஸ் ஆறடி எட்டு அங்குலம். அவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. இத்தனைக்கும் அந்த ஆண்டின் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் சிறந்த பின்கள வீரர் என்ற பட்டத்தைக் கார்ல்சன்தான் வாங்கியிருந்தார்.

வளர்ந்தவர்களின் லீகில் பத்துப் புள்ளி

தேர்வான பிறகு கார்ல்சன் ஓராண்டு ஸ்வீடனிலேயே தங்கி, ஃப்ரோலுண்டா அணிக்காக அந்நாட்டின் முதல்தர லீகில் ஆடினார். 45 ஆட்டங்கள், பத்துப் புள்ளிகள். அதே காலத்தை ஒட்டி, டெல் சோட்டோ கனடாவின் ஜூனியர் லீகில் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி எடுத்தவர் என்ற பெயரோடு வந்துகொண்டிருந்தார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாந்துபோகும். ஜூனியர் லீகில் எதிரே நிற்பவர்கள் பதினாறிலிருந்து இருபது வயதுக்காரர்கள். ஸ்வீடனின் முதல்தர லீகில் எதிரே நிற்பவருக்கு முப்பது வயதும் குடும்பமும் இருக்கும். ஆட்டம்தான் அவருக்குப் பிழைப்பு. அங்கே பதினெட்டு வயதுப் பின்கள வீரருக்குப் பயிற்சியாளர் ஆட நேரம் கொடுப்பதே ஒரு மதிப்பீடு. புள்ளி அதற்குப் பிறகுதான். லீகுக்கு லீக் புள்ளிகளை மாற்றிக் கணக்கிடும் சூத்திரங்கள் உண்டு, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை முன்கள வீரர்களுக்குப் பொருந்துகிற அளவுக்குப் பின்கள வீரர்களுக்குப் பொருந்துவதில்லை. பதினெட்டு வயது முன்கள வீரரை கோல் போடச் சொல்லிக் களத்தில் இறக்குவார்கள். பதினெட்டு வயதுப் பின்கள வீரரைத் தப்புச் செய்யாதே என்று சொல்லி இறக்குவார்கள். அந்தக் கட்டளைக்குக் கீழ் எடுத்த பத்துப் புள்ளி அது.

கட்டளை இல்லாத இடத்தில் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்க முடிந்தது. 2009 தொடக்கத்தில் முடிந்த இளையோர் உலகப் போட்டியில், சம வயதுக்காரர்களோடு ஆடியபோது, கார்ல்சன் சிறந்த பின்கள வீரராகத் தேர்வானார். போட்டி நடந்த ஊர் ஒட்டாவா. அணி நிர்வாகம் விமானம் ஏற வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

48, 37, 26

2009-10 சீசனில் மூவரும் என்.எச்.எல்.-இல் இறங்கினார்கள். மையர்ஸ் 82 ஆட்டங்களில் 48 புள்ளி எடுத்து, அறிமுக வீரருக்கான கால்டர் கோப்பையையும் வென்றார். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியில் டெல் சோட்டோ 37. கார்ல்சன் 26. அதிலும் கார்ல்சன் நடுவில் சரியாக ஆடவில்லை என்று பிங்ஹாம்டனில் இருந்த துணை அணிக்கு அனுப்பப்பட்டு, அங்கே 12 ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பியவர்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். அந்த ஆண்டு முளையைப் பார்த்து வரிசைப்படுத்தியவர்கள் மையர்ஸ், டெல் சோட்டோ, கார்ல்சன் என்றுதான் எழுதியிருப்பார்கள். மையர்ஸ் அந்த 48-ஐ அதற்குப் பிறகு ஒருமுறைகூட எட்டவில்லை. டெல் சோட்டோ அடுத்த சீசனிலேயே 47 ஆட்டங்களில் 11 புள்ளிக்கு இறங்கி, துணை அணிக்கும் போய்வந்தார். பிறகு 41 வரை ஏறினார்; அதுவே அவருடைய உச்சம். இருவரும் தோற்றுப்போனவர்கள் அல்லர். மையர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களும் டெல் சோட்டோ எழுநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களும் ஆடினார்கள். எத்தனையோ பேருக்குக் கிட்டாத வாழ்வு அது. ஆனால் 2010-இல் நாம் எதிர்பார்த்த ஆட்கள் அவர்கள் அல்லர்.

முதல் ஆண்டுப் புள்ளி ஏன் இப்படி ஏமாற்றுகிறது? ஒரு பெரிய காரணம் பவர் பிளே. எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் உட்கார்ந்திருக்க, ஐந்துக்கு நான்கு என்று ஆடும் அந்த நேரத்தில் பின்கள வீரர் எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டருகே நின்றுகொண்டு பக்கைப் பகிர்ந்தாலே அசிஸ்ட் சேரும். பக்கத்தில் நல்ல முன்கள வீரர்கள் இருந்தால் இன்னும் சேரும். அது இரவல் நகை. போட்டிருப்பவர் அழகாகத்தான் தெரிவார்; அடுத்த ஆண்டு பயிற்சியாளர் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தால் கழுத்து காலியாகிவிடும். ஆகவே இளம் பின்கள வீரரின் புள்ளிப் பட்டியலைப் பார்க்கும்போது நான் முதலில் பவர் பிளேயைக் கழித்துவிடுவேன். மீதி என்ன, அந்த மீதியில் முதல் அசிஸ்ட் எத்தனை, இரண்டாவது அசிஸ்ட் எத்தனை என்று பார்ப்பேன். கோலுக்கு முந்தைய கடைசித் தொடுகை முதல் அசிஸ்ட். அதற்கும் முந்தையது இரண்டாவது. அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுதல்.

இன்னொன்றும் உண்டு. முதல் ஆண்டில் எதிரணிகளுக்கு இவரைத் தெரியாது. இரண்டாம் ஆண்டில் காணொளி பார்த்துவிட்டு வருவார்கள். வலப்பக்கம் திரும்பிப் பழகியவர் என்று தெரிந்தால் வலப்பக்கத்தை அடைப்பார்கள். அப்போது இரண்டாவது யோசனை இருக்கிறதா என்பதுதான் சோதனை. கார்ல்சனின் 26 அடுத்த ஆண்டு 45 ஆனது. மையர்ஸின் 48 அடுத்த ஆண்டு 37 ஆனது.

மைனஸ் முப்பதைப் பிரித்துப் பார்த்தால்

சரி, அந்த மைனஸ் 30-க்கு என்ன பதில்?

பிளஸ்-மைனஸ் என்ற கணக்கு பார்க்க எளிமையானது. நம் அணி கோல் போடும்போது களத்தில் இருந்தால் ஒன்று கூட்டு, வாங்கும்போது இருந்தால் ஒன்று கழி. ஆனால் பவர் பிளேயில் போட்ட கோலுக்குக் கூட்டல் கிடையாது. அதே பவர் பிளேயின்போது எதிரணி பக்கைப் பறித்துக்கொண்டு ஓடி கோல் போட்டுவிட்டால், களத்தில் இருந்தவர்களுக்குக் கழித்தல் மட்டும் உண்டு. பவர் பிளேயில் அதிக நேரம் நிற்பவருக்கு இது ஒருவழிப் பாதை.

அதைவிடப் பெரிய வஞ்சனை ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களில் இருக்கிறது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி கோல் காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது தாக்குதல்காரரை இறக்கும். அப்போது பின்களத்தில் யாரை நிறுத்துவார்கள்? தாக்கத் தெரிந்தவரைத்தான். எதிரணி காலி வலையில் கோல் போட்டால் மைனஸ் யாருக்கு? அவருக்குத்தான். அடிக்கடி தோற்கும் அணியில் தாக்கும் பின்கள வீரராக இருப்பது, கடைசியில் கடைக்குப் பூட்டுப் போடுகிறவன் தலையில் நஷ்டக் கணக்கை எழுதுவது போல.

ஒட்டாவா அந்த ஆண்டு அடிக்கடி தோற்ற அணிதான். அணிகளின் தரவரிசையில் 74 புள்ளிகளோடு கீழே கிடந்தது. நடு சீசனில் மூத்த வீரர்களை ஒவ்வொருவராக விற்றது. கோல் காப்பு ஆட்டம் கண்டிருந்தது. பிப்ரவரியில் பிரையன் எலியட்டைக் கொடுத்து கிரேக் ஆண்டர்சனை வாங்கினார்கள். இங்கே ஒரு வேடிக்கை: அந்த எலியட், அடுத்த சீசனில் செயின்ட் லூயிஸ் அணிக்காக ஆடி, வந்த ஷாட்டுகளில் 94 சதவீதத்தைத் தடுத்தார். ஆள் அதே ஆள். கோல் காப்பாளரின் எண்ணே அணி மாறினால் இப்படிப் புரளும் என்றால், அவருக்கு முன்னால் நின்ற இருபது வயதுக்காரரின் மைனஸில் அவருடைய சொந்தப் பங்கு எவ்வளவு?

கொஞ்சம் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. கார்ல்சன் அந்த ஆண்டு செய்த தவறுகளை மறந்துவிட்டுப் பிற்காலத்துப் பெருமையை மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முன்னேறிப் போனவர் திரும்பி வரவில்லை. கோல் வலையருகே கனமான முன்கள வீரரிடம் தள்ளுமுள்ளில் தோற்றார். கடினமான பாஸ் ஒன்றை மூன்று பேருக்கு நடுவே நுழைக்கப் பார்த்து இழந்தார். இதெல்லாம் நடந்தது. எந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் மதிப்பீட்டின் உயிர்.

வலைக்குப் பின்னால் இரண்டு வினாடி

ஓர் இளம் பின்கள வீரரைப் பார்க்க எனக்கு ஒரே ஒரு காட்சிதான் அனுமதி என்றால், நான் எதிரணியின் நீலக்கோட்டுப் பக்கம் போகமாட்டேன். நம் கோல் வலைக்குப் பின்னால் போய் நிற்பேன்.

எதிரணி பக்கை ஆழமாக அடித்துவிட்டிருக்கிறது. அது மூலைச் சுவரில் மோதி வலைக்குப் பின்னால் உருள்கிறது. நம் ஆள் அதை எடுக்கப் போகிறார். முகம் சுவரைப் பார்த்திருக்கிறது. முதுகு மொத்த ஆட்டத்துக்கும் காட்டப்பட்டிருக்கிறது. பின்னால் நூறு கிலோ எடையுள்ள ஒருவர் முழு வேகத்தில் வருகிறார். பக்கைத் தொட்ட அடுத்த கணம் மோதல். மொத்தம் இரண்டு வினாடி.

பெரும்பாலான இளைஞர்கள் இங்கே மூன்றில் ஒன்றைச் செய்வார்கள். சுவரோரமாக ஓங்கி அடித்துவிடுவார்கள். பக் வெளியே போகும், ஆனால் எதிரணிக்கே போகும். அல்லது பக்கத்துத் துணைக்கு அவசரமாகத் தள்ளி, ஆபத்தை அவர் தலையில் கட்டுவார்கள். அல்லது பக்கை எடுத்துக்கொண்டு மோதலை வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள்.

கார்ல்சன் செய்தது வேறு. பக்கை அடையும் முன்பே தலை ஒருமுறை இடத்தோளுக்கு மேல், ஒருமுறை வலத்தோளுக்கு மேல் திரும்பும். துரத்தி வருபவர் எந்தப் பக்கத்தை மறிக்கிறார், அவருக்குப் பின்னால் எங்கே ஆளில்லை என்பதெல்லாம் பக்கைத் தொடும் முன்பே தெரிந்துவிடும். பிறகு தோளை ஒருபக்கம் சாய்ப்பார். துரத்துபவர் அந்தப் பக்கம் எடையை மாற்றுவார். அதற்குள் கார்ல்சன் ஸ்கேட்டின் உள்விளிம்பில் சுழன்று வலையின் மறுபக்கத்தில் வெளியே வந்திருப்பார். துரத்தியவர் காற்றை இடித்துக்கொண்டு போவார். இப்போது ஐந்துக்கு ஐந்து என்ற ஆட்டம், களத்தின் மீதிப் பகுதியில் ஐந்துக்கு நான்கு ஆகிவிட்டது. பவர் பிளேயை அவரே தயாரித்துவிட்டார்.

இதற்கு எந்தப் பட்டியலிலும் புள்ளி கிடையாது. கோல் விழுந்தால்கூட, நடுவில் இரண்டு பேர் தொட்டுவிட்டால் அசிஸ்ட் கிடையாது. ஆனால் ஒரு மாதம் இதையே செய்தால், அவர் களத்தில் இருக்கும்போது நம் அணி அடிக்கும் ஷாட்டுகள் எதிரணி அடிப்பவற்றைவிட அதிகமாகும். அந்த விகிதம் பிளஸ்-மைனஸைவிட நிலையானது. கோல் என்பது சீசனுக்குச் சில நூறு நடக்கும் நிகழ்வு. ஷாட் முயற்சி ஆயிரக்கணக்கில் நடக்கும். சின்ன எண்ணிக்கையில் அதிர்ஷ்டம் ஆடும். பெரிய எண்ணிக்கையில் அதன் கை ஓய்ந்துபோகும்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் இது: பிழைகளை எண்ணாதீர்கள், அவற்றின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரணியின் நீலக்கோட்டருகே, நுழையாத இடத்தில் பாஸை நுழைக்கப் பார்த்து இழந்தால், அது ஆசையில் வந்த பிழை. பையன் வழியைப் பார்த்திருக்கிறான். கை அல்லது நேரம் அரை வினாடி தவறியிருக்கிறது. வயதும் பயிற்சியும் அதைத் திருத்தும். தன் மூலையில், பக் காலடியில் கிடக்க, எங்கே போவதென்று தெரியாமல் தலை குனிந்து நின்றால் அது வேறு பிழை. எதிரே வருபவர் வெளிப்பக்கமாக வேகத்தில் தாண்டிப் போவதும் அந்த வகைதான். இவற்றைத் திருத்த முடியாது என்று சொல்லமாட்டேன். திருத்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆசையில் வந்த பிழைக்கும் காலக்கெடு உண்டு. இருபது வயதில் நுழைக்கப் பார்த்த அதே பாஸை அதே இடத்தில் இருபத்து மூன்று வயதிலும் நுழைக்கப் பார்த்து இழப்பவர் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். திறமை இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்ற பேச்சை அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

அந்தப் பதினான்கு மாதம்

2011-12 சீசனில் ஒட்டாவாவுக்குப் புதிய பயிற்சியாளர் பால் மெக்லீன் வந்தார். சீசனின் பெரும்பகுதியில் ஆண்டர்சன் வலையில் நின்றார். கார்ல்சனுக்குத் துணையாகப் பெரும்பாலும் செக் நாட்டின் மூத்த வீரர் ஃபிலிப் கூபா ஆடினார். பெரிய உடம்பு, அலட்டிக்கொள்ளாத ஆட்டம், கார்ல்சன் முன்னே போனால் தான் பின்னே நிற்கும் பக்குவம். கார்ல்சன் 81 ஆட்டங்களில் 78 புள்ளிகள் எடுத்தார். அடுத்த இடத்தில் இருந்த பின்கள வீரர்கள் 53. மைனஸ் 30 போய் பிளஸ் 16.

ஒரே ஆண்டில் அவர் தடுக்கக் கற்றுக்கொண்டார் என்று அப்போது எழுதினார்கள். ஓரளவு கற்றிருக்கலாம். ஆனால் 46 கோல் வித்தியாசத்தை ஒருவரின் படிப்புக்குக் கணக்கு எழுதுவது சரியில்லை. அணி மாறியது, வலை மாறியது, துணை மாறியது. முந்தைய ஆண்டு குருவி தலையில் வைத்த பனங்காயில் பாதியை இந்த ஆண்டு மற்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். அந்தப் பனங்காயோடும் வலைக்குப் பின்னாலிருந்து சுழன்று வெளியே வரத் தெரிந்தவர் என்பதுதான் 2011 ஏப்ரலில் பார்த்திருக்க வேண்டிய செய்தி.

பட்டம் நூலிழையில்தான் வந்தது. நாஷ்வில்லின் ஷே வெபர்தான் சரியான பின்கள வீரர், கார்ல்சன் தண்டனை நேரத் தடுப்புக்குக்கூட இறங்காதவர் என்று முணுமுணுத்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஆதாரமும் இருந்தது. அந்த ஆண்டு பிளே-ஆஃப் எனப்படும், சீசனுக்குப் பிந்தைய கோப்பைப் போட்டியின் முதல் சுற்றில் ஒட்டாவா, டெல் சோட்டோ ஆடிய ரேஞ்சர்ஸிடம் ஏழு ஆட்டங்களில் தோற்றது. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து கார்ல்சனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோல். அதற்குப் பிறகுதான் ஒட்டாவா 4.55 கோடியில் கையெழுத்திட்டது.

பணத்தைப் பற்றி ஒரு சொல். அதற்கு முந்தைய செப்டம்பரில் பஃபலோ மையர்ஸுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 3.85 கோடி டாலர் கொடுத்திருந்தது. 48, பிறகு 37 என்று இறங்கிய எண்ணுக்குக் கொடுத்த பணம் அது. ஒட்டாவா 26, 45, 78 என்று ஏறிய எண்ணுக்குக் கொடுத்தது. 2015-இல் மையர்ஸ் வின்னிபெக்குக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு கார்ல்சன் இரண்டாவது நாரிஸை வாங்கினார். ஆனால் பஃபலோவைப் பரிகசிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆறடி எட்டு அங்குல உயரத்தில் அப்படி ஸ்கேட் செய்யும் ஒருவரை யார்தான் விடுவார்கள்?

அளவுகோல் பிடிக்காத இடங்கள்

முதலில் விபத்து. 2013 பிப்ரவரியில் எதிரணி வீரர் ஒருவரின் ஸ்கேட் பிளேடு கார்ல்சனின் இடது குதிகால் தசைநாரை வெட்டியது. அந்த சீசனில் அவர் ஆடியது மொத்தம் 17 ஆட்டங்கள், எடுத்தது 14 புள்ளி. ஸ்கேட்டிங்தான் சொத்து என்றிருக்கும் ஒருவருக்கு அதே காலில் அடி. அந்த வசந்தத்திலேயே திரும்பி வந்தார். திரும்பாமலும் போயிருக்கலாம், அப்போது 4.55 கோடியைப் பற்றி இன்று வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்போம். முடிவு நன்றாக அமைந்ததால் மட்டும் ஒரு மதிப்பீடு சரியாகிவிடாது.

இரண்டாவது, காலம். அதே டிராஃப்டில் இருபத்து ஏழாவதாகப் போன அமெரிக்கர் ஜான் கார்ல்சன் (தமிழில் எழுதினால் இருவர் பெயரும் ஒன்றாகிவிடுகிறது, ஆகவே இவரை ஜான் என்கிறேன்) தன் மிகச் சிறந்த சீசனை முப்பது வயதில்தான் ஆடினார்: 2019-20-இல் 69 ஆட்டங்களில் 75 புள்ளிகள். இருபத்து மூன்று வயதில் ஜானை எடைபோட்டவர்கள் நம்பகமான ஆள் என்று சொல்லியிருப்பார்கள். நாரிஸ் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடிப்பார் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். பின்கள வீரர்கள் தாமதமாகப் பழுக்கிறார்கள். முன்கள வீரரைப் போல இருபத்து மூன்று, இருபத்து நான்கில் உச்சம் என்று இவர்களுக்குக் கோடு போட முடியாது.

மூன்றாவதாக உடம்பைப் பற்றிய பயம். அது இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும் செத்துப்போகவில்லை. ஆடம் ஃபாக்ஸ் 2016-இல் 66-வது இடம் வரை இறங்கினார். 2021-இல் நாரிஸ் வாங்கினார். லேன் ஹட்சன் 2022-இல் 62-வதாகப் போனார். 2024-25-இல் 66 புள்ளி எடுத்துக் கால்டர் கோப்பையை வென்றார். சிறிய உடம்புக்காரர்கள் அத்தனை பேரும் இப்படி வருவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் இருவருக்கும் பொதுவானது, துரத்துபவரை மோதவிடாமல் தப்பும் வித்தை. மோதலே நடக்காவிட்டால் எடைக்கு என்ன வேலை?

2017 பிளே-ஆஃப் முதல் சுற்றில் பாஸ்டனுக்கு எதிராகக் கார்ல்சன் தன் பகுதியிலிருந்து பக்கை மேலே தூக்கிப் போட்டார். அது எல்லோர் தலைக்கும் மேலாகப் பறந்து, எதிரணி நீலக்கோட்டைத் தாண்டும் இடத்தில் மைக் ஹாஃப்மனின் மட்டைக்கு முன்னால் விழுந்தது. ஹாஃப்மன் தனியாகப் போய் கோல் போட்டார். அப்போது கார்ல்சனின் குதிகாலில் மெல்லிய எலும்பு முறிவுகள் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. 2011-இல் அவர் முயன்று இழந்த பாஸ்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். இதைச் செய்யாதே என்று அன்றே கையைக் கட்டியிருந்தால் மைனஸ் முப்பது மைனஸ் இருபது ஆகியிருக்கும். இந்தப் பாஸும் பிறந்திருக்காது.

2022-23-இல், முப்பத்து இரண்டு வயதில், சான் ஹோசே அணிக்காக அவர் 101 புள்ளிகள் எடுத்தார். 1991-92-இல் பிரையன் லீச் நூறைத் தாண்டிய பிறகு எந்தப் பின்கள வீரரும் அதைச் செய்திருக்கவில்லை. மூன்றாவது நாரிஸும் வந்தது. அந்த அணி லீகின் அடிமட்டத்தில் இருந்தது. கார்ல்சனின் பிளஸ்-மைனஸ்: மைனஸ் 26.

இனி நாஷ்வில். பதினைந்தாம் இடத்தை ஒட்டாவாவுக்கு விற்று, பதினெட்டில் அவர்கள் எடுத்த கோல் காப்பாளர் செட் பிக்கார்ட் என்.எச்.எல்.-இல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் அதே டிராஃப்டில், 38-வது இடத்தில், ரோமன் யோசி என்ற சுவிட்சர்லாந்துப் பின்கள வீரரை எடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து என்.எச்.எல்.-இல் இறங்கிய அவர் முதல் சீசனில் 52 ஆட்டங்களில் 16 புள்ளிகள் எடுத்தார். 2020-இல் நாரிஸ். 2021-22-இல் 96 புள்ளிகள். கார்ல்சன் பிறந்தது 1990 மே 31. யோசி பிறந்தது ஜூன் 1.